வெட்டியும் வளரும் காடுகள்

முன்னுரை

ஈரோட்டிலிருந்து காவிரிப் பாலத்தைக் கடந்து பள்ளிபாளையத்தை அடைவோர், அங்குள்ள காகித ஆலையை நோக்கிச் செல்லும் மரக்கட்டை லாரிகளைக் காண்பர். ஆலை ஓயாது மரம் கேட்கின்றது. மரமும் ஓயாது வெட்டப்படுகின்றது. 'இவ்வாறு வெட்டிக்கொண்டே போனால் நாட்டில் காடு மிஞ்சுமா?' என்னும் வினா காண்போர் உள்ளத்தில் எழுவது இயல்பே. ஆனால், உலகில் மிகுதியாக மரம் வெட்டும் நாடுகளான அமெரிக்க ஐக்கிய நாடுகள், சுவீடன், பின்லாந்து ஆகியவற்றில், கடந்த அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காட்டில் நிற்கும் மரத்தின் அளவு குறையவில்லை, பெருகியே வந்திருக்கின்றது. வெட்டாத நாட்டில் காடு அழிவதும், வெட்டும் நாட்டில் காடு வளர்வதும் எங்ஙனம் கூடும்?

இம்முரண் எவ்வாறு நேர்ந்தது, அந்நாடுகளின் கணக்கில் விடுபட்டவை எவை, அப்பாடம் நமக்கு எவ்வளவு பொருந்தும் என்பவற்றைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்றவாறே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். தொழில் வள நாடுகளின் காட்டுக் கதையில் வரும் பகுதிகள் பலவும் இச்சமவெளியின் வரலாற்றிலும் சிறிய அளவில் காணக்கிடக்கின்றன.

1. நம் மலைகளின் பழைய வரலாறு

சேலம் மாவட்டமும், 1997-இல் அதிலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டமும் மலைகள் சூழ்ந்தவை. சேர்வராயன், கல்வராயன், போதமலை, கொல்லிமலை ஆகியன இவற்றுட் சில. சேலத்திற்கு அருகிலுள்ள கஞ்சமலையின் இரும்புத் தாது தொன்றுதொட்டுப் பெயர் பெற்றது. அத்தாதைச் சிறு உலைகளில் உருக்கியோர் பயன்படுத்திய எரிபொருள் மரக்கரியே. கிடைக்கும் இரும்பின் எடையைக் காட்டிலும் எரிக்கப்படும் கரியின் எடை மிகுதி. அக்கரிக்கு வேண்டிய விறகின் எடையோ அதனினும் பன்மடங்கு.

கம்பெனி அரசின் அலுவலராயிருந்த ஜோசயா மார்ஷல் ஹீத் என்பார், 1830-ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். அதற்குரிய தாது சேலத்திலிருந்து சென்றது. பின்னர்க் காவிரிக் கரையிலுள்ள பூலாம்பட்டியிலும் உலை எழுந்தது. இவ்வாலைகளுக்கும் மரக்கரியே உணவு. அருகிலுள்ள மரம் தீரத் தீரக் கரி தொலைவிலிருந்து வரவேண்டியதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன் அவ்வாலைகள் மூடப்பட்டன.

அதே காலத்தில் மற்றும் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1820-களில் சேலத்தின் ஆட்சியராயிருந்த காக்பர்ன், சேர்வராயன் மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார்; காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக மலைக்காடு குறைந்தது. 1862-இல் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரையை எட்டிய இரயில் பாதை, தண்டவாளக் கட்டைகளுக்காகவும் எஞ்சின் விறகிற்காகவும் மரத்தை வேண்டிற்று.

1856-இல் சென்னை மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் அமர்த்தப்பட்டார். 1882-இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. மலைச்சரிவுகள் 'ஒதுக்கப்பட்ட காடு' ஆயின. மரத்திற்கு இச்சட்டம் காவலாயிற்று என்பது உண்மை. ஆயின், அதுகாறும் வழக்கப்படி விறகும் தழையும் மேய்ச்சலும் பெற்று வந்த மலைவாழ் மக்களின் செயல், ஒரு சட்டக் கையொப்பத்தால் அனுமதி பெறவேண்டிய செயலாகவும், அனுமதியின்றேல் குற்றமாகவும் மாறிற்று என்பதும் உண்மையே.

2. வளர்ச்சியும் வெட்டும்: ஒரு கணக்கு

நம் மலைகள் பட்ட பாட்டை ஐரோப்பா முன்னரே பட்டிருந்தது. ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் மரம் போதாமற் போயிற்று. அங்குச் சுரங்க நிர்வாகியாயிருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713-இல் காடு வளர்ப்பைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காட்டில் வளரும் அளவிற்கே வெட்டவேண்டும், வெட்டிய இடத்தை மீண்டும் மரமாக்கவேண்டும் என்பது அவர் வலியுறுத்திய கருத்து. 'நீடித்த பயன்பாடு' என்று இன்று பேசப்படும் எண்ணத்திற்கு அது வித்தாயிற்று. அம்மரபில் வந்தவரே டீட்ரிக் பிராண்டிஸ் என்னும் ஜெர்மானியர். 1864-இல் இந்தியாவின் வனத் தலைமை அதிகாரியாக அமர்ந்த அவர், 1880-களின் தொடக்கத்தில் சென்னை மாகாணக் காடுகளைச் சுற்றிப் பார்த்து, 1883-இல் அறிக்கை அளித்தார். ஆகவே, சாக்சனியின் சுரங்கக் கணக்கும் சேலத்து மலைகளின் நிருவாகமும் ஒரே மரபின் இரு முனைகள் எனலாம்.

இக்கணக்கை எளிதில் விளக்க, பரமத்தி வேலூர்ப் பக்கத்தில் நான்கு ஏக்கர் நிலமுள்ள ஓர் உழவரை எண்ணிக்கொள்வோம். அவர் ஆண்டுக்கு ஓர் ஏக்கர் வீதம் சவுக்கு நடுகின்றார். நான்கு ஆண்டு நிரம்பியதும் முதல் ஏக்கரை வெட்டி, உடனே அங்கு மீண்டும் கன்று நடுகின்றார். அடுத்த ஆண்டு இரண்டாம் ஏக்கர். அதற்கடுத்த ஆண்டு மூன்றாம் ஏக்கர். இவ்வாறு ஆண்டுதோறும் அவர் ஓர் ஏக்கரை முழுவதும் வெட்டுகின்றார். எனினும் தோப்பு ஒருபோதும் ஒழிவதில்லை. மொத்த மரமும் குறைவதில்லை. நான்கு ஏக்கரிலும் ஓராண்டில் கூடிய வளர்ச்சியே ஓர் ஏக்கரின் வெட்டாக வெளியேறுகின்றது. மரம் முதல், வளர்ச்சி வட்டி, அவர் வட்டியை மட்டும் உண்கின்றார்.

மகளின் திருமணச் செலவிற்காக ஓராண்டில் அவர் இரண்டு ஏக்கரை வெட்டிவிடுகின்றார் என்க. இரண்டாவது ஏக்கர் மூன்றாண்டுப் பயிர்; இன்னும் பருக்கவேண்டியது. மறு ஆண்டில் வெட்டுவதற்கு முதிர்ந்த மரமே இராது. அவர் முதலைத் தொட்டுவிட்டார். மாறாக, நான்காண்டுக்குப் பதில் ஐந்தாண்டு பொறுத்து வெட்டுவாராயின், நிற்கும் மரத்தின் அளவு முன்னைவிடக் கூடும். ஆக, வெட்டு நடக்கின்றதா இல்லையா என்பது மட்டும் காட்டின் நிலையைச் சொல்லாது. ஆண்டு வளர்ச்சிக்கும் ஆண்டு வெட்டுக்கும் உள்ள விகிதமே அதனைச் சொல்லும்.

மரத்திற்கு மரம் இக்காலம் வேறுபடும். நம் சமவெளியில் சவுக்கும் தைலமரமும் நான்கைந்து ஆண்டுகளில் ஆலைக்கு உரியனவாகின்றன. பின்லாந்தின் குளிரில் ஒரு பைன் மரம் முதிர அறுபது முதல் நூறு ஆண்டு வரை ஆகும். அங்கே நடுபவர் தம் பெயரனுக்காக நடுகின்றார்.

3. தொழில் வள நாடுகளின் நிலை

ஐரோப்பியக் காடுகளைப் பற்றி 2020-இல் வெளிவந்த பன்னாட்டு அறிக்கை, ரஷ்யா நீங்கலான ஐரோப்பாவில் ஏறத்தாழ 22.7 கோடி ஹெக்டேர், அதாவது நிலப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று மேலாகக் காடு உள்ளது எனக் கூறுகின்றது. முப்பது ஆண்டுகளில் காட்டின் பரப்பு 9 விழுக்காடு கூடிற்று; நிற்கும் மரத்தின் கன அளவோ ஏறத்தாழ 50 விழுக்காடு பெருகிற்று. ஆண்டு வளர்ச்சியில் நாலில் மூன்று பங்கு அளவே வெட்டப்பட்டது என்பதே இதற்குக் காரணம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் காட்டை அழித்தனர். 1910-களிலிருந்து காட்டுப் பரப்பு ஏறத்தாழ 30 கோடி ஹெக்டேர் அளவில் நிலைபெற்றது. 1950-களுக்குப் பின் நிற்கும் மரம் ஒன்றரை மடங்காயிற்று. பின்லாந்தில் 1960-களில் 6 கோடி கன மீட்டருக்கும் குறைவாயிருந்த ஆண்டு வளர்ச்சி, இன்று 10 கோடியைத் தாண்டியுள்ளது. டென்மார்க்கில் 1800-ஐ ஒட்டிய காலத்தில் நாட்டின் நூற்றில் மூன்று நான்கு பங்கே காடாயிருந்தது. இன்று அது 14 விழுக்காட்டிற்கும் மேல். ஒரு நாட்டின் காடு நெடுங்காலம் சுருங்கிப் பின் பெருகத் தொடங்கும் இத்திருப்பத்தைப் புவியியல் அறிஞர் அலெக்சாண்டர் மேதர் 1992-இல் 'காட்டு மாற்றம்' எனக் குறிப்பிட்டார்.

4. காடு மீண்டதன் காரணங்கள்

இம்மீட்சிக்கு மரம் நட்டோரின் ஆர்வம் மட்டும் காரணமன்று. முதலாவது, நிலக்கரியும் பின்னர் எண்ணெயும் விறகின் இடத்தைப் பற்றின. உலைகள் மரக்கரியை விட்டன. அடுப்புகள் விறகை விட்டன. காட்டின் மேலிருந்த பெருஞ்சுமை நிலத்தடிக்கு இறங்கிற்று. இரண்டாவது, உரமும் நல்விதையும் வந்தபின் சிறிய நிலம் மிகுந்த விளைச்சல் தந்தது. வளமற்ற சரிவுகளையும் கல்லாங்காடுகளையும் உழவர் கைவிட்டனர். அங்கே மரம் தானாகவே ஏறிற்று.

மூன்றாவது, சட்டமும் உரிமையும். டென்மார்க்கின் 1805-ஆம் ஆண்டு ஆணை எஞ்சிய காடுகளைக் காடாகவே வைத்திருக்க வேண்டும் என விதித்தது. சுவீடனின் 1903-ஆம் ஆண்டுச் சட்டம், வெட்டியவர் அவ்விடத்தை மீண்டும் காடாக்குவதைக் கடமையாக்கிற்று. பின்லாந்தில் காட்டின் பெரும்பகுதி எளிய குடும்பங்களுக்கு உரியது. வளர்ப்பவரே பயனையும் பெறுகின்றார்.

உரிமையின் வலிமைக்கு நம் பக்கத்திலேயே எதிர்மறைச் சான்று உண்டு. சேலத்து மலைகள் சந்தனத்திற்குப் பெயர் பெற்றவை. சொந்தப் பட்டா நிலத்தில் முளைத்த சந்தன மரமும் நெடுங்காலம் அரசின் ஆளுகைக்கே உட்பட்டிருந்தது. ஆதலின், மரம் வளர்ந்தால் திருடனுக்கும் விசாரணைக்கும் அஞ்சவேண்டியிருந்ததேயன்றி, உழவருக்கு அதனால் ஊக்கமில்லை. 2002-இல் தமிழ்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு நிலவுடைமையாளரே மரத்திற்கும் உரியவர் என்றான பின்னரே, சந்தனம் நடும் எண்ணம் மக்களிடையே தோன்றிற்று.

5. இடம் மாறிய சுமை

நான்காவது காரணம் தனித்து நோக்கத்தக்கது. ஒரு நாடு தன் காட்டை வெட்டாமல் பிறநாட்டுக் காட்டை வெட்டச் செய்து, தன் காட்டை வளர்க்கலாம். ஜப்பானின் நிலப்பரப்பில் மூன்றில் இரு பங்கு காடு. எனினும் 2002-இல் அந்நாடு பயன்படுத்திய மரத்தில் ஐந்தில் ஒரு பங்கிற்கும் குறைவே அதன் சொந்த மரம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிலிப்பைன்ஸ், போர்னியோக் காடுகளின் பெருமரங்கள் பல ஜப்பானுக்குக் கப்பலேறின. ஜப்பானின் மலை பசுமையாயிற்று. போர்னியோவின் மலை வெறுமையாயிற்று. ஒரு நாட்டின் கணக்கேட்டை மட்டும் புரட்டுவோர்க்கு முதற்பாதி மட்டுமே தெரியும்.

இது புதிய வழக்கமும் அன்று. சாலொமோன் ஆலயம் கட்டிய வரலாற்றை இறையியல் மாணவர் அறிவர். எருசலேமின் மலைகளில் கிடையாத கேதுரு மரம் லீபனோனிலிருந்து வந்தது. அதற்கு ஈடாகக் கோதுமையும் எண்ணெயும் ஆண்டுதோறும் தீருவின் அரசனுக்குச் சென்றன. மரம் வெட்ட முப்பதாயிரம் ஆட்கள் முறைவைத்து அனுப்பப்பட்டனர். ஒரு நாட்டின் வயலும் உழைப்பும் மறு நாட்டின் காட்டை வாங்கிய வாணிகமே 1 இராஜாக்கள் ஐந்தாம் அதிகாரத்தில் பதிவாகியுள்ளது. பல பேரரசுகள் அம்மலையை வெட்டிய பின், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஹேட்ரியன் பேரரசன் நான்கு வகை மரங்களைத் தனக்கென ஒதுக்கி, லீபனோன் பாறைகளில் எழுத்துப் பொறிக்கச் செய்தான். அவற்றுட் பல இன்றும் உள்ளன. அவை 'ஒதுக்கப்பட்ட காட்டின்' பழைய எல்லைக் கற்களேயாம். நம் வீடுகளுக்கும் ஆலயங்களுக்கும் பர்மாத் தேக்கில் கதவு செய்து பெருமை கொண்ட நாமும் இவ்வாணிகத்திற்குப் புறம்பானவர் அல்லோம்.

6. பள்ளிபாளையமும் புகளூரும்

இனிக் காவிரிக் கரைக்கு மீள்வோம். பள்ளிபாளையத்திலுள்ள சேஷசாயி காகித ஆலை 1960-இல் நிறுவப்பெற்று, 1962 டிசம்பரில், ஆண்டுக்கு 20,000 டன் காகிதம் செய்யும் திறனோடு இயங்கத் தொடங்கிற்று. அக்காலத்தில் இந்தியக் காகித ஆலைகளின் முதன்மையான மூலப்பொருள் அரசுக் காடுகளின் மூங்கிலே. வெட்டும் உரிமை ஆலைக்கு. வளர்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லை. ஆகவே மூங்கில் அருகிற்று.

1980-களில் கரும்புச் சக்கை துணைக்கு வந்தது. பள்ளிபாளையத்தை அடுத்து எழுந்த பொன்னி சர்க்கரை ஆலை காகித ஆலைக்குச் சக்கை அளித்தது. நாமக்கல் மாவட்டத்திற்கு எதிர்க்கரையிலுள்ள புகளூரில், 1979-இல் பதிவாகி 1984-இல் உற்பத்தி தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், சக்கையையே முதன்மையாகக் கொண்டு அமைக்கப்பட்டது. காட்டை வெட்டாமற் காகிதம் என்பது உயர்ந்த எண்ணமே. ஆயின் சக்கை வீண்பொருள் அன்று. சர்க்கரை ஆலையின் கொதிகலனுக்கு அதுவே விறகு. அதனைக் கொடுத்துவிட்டால் மாற்று எரிபொருள் வேண்டும். எனவே புகளூர் ஆலை சர்க்கரை ஆலைகளுக்கு நிலக்கரி முதலிய எரிபொருளுக்கு ஏற்பாடு செய்தே சக்கையைப் பெற்றது. ஐரோப்பாவில் இரு நூற்றாண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததைப் போன்றே இங்கும் காட்டின் சுமையில் ஒரு பகுதி நிலக்கரிச் சுரங்கத்திற்கு மாறிற்று.

1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவரோடு நேரடித் தொடர்பு கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டும் எனக் கூறிற்று. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கோதவர்மன் வழக்கில் பிறப்பித்த ஆணை, அரசுக் காடுகளின் வெட்டை மிகவும் கட்டுப்படுத்திற்று. புகளூர் ஆலை 2004-இல் பண்ணைக் காடு வளர்ப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. இன்று ஆலை வாயிலில் நிற்கும் சவுக்கும் தைலமரமும் பெரும்பாலும் உழவர் நிலத்து மரங்களே. மலை ஓரளவு தப்பிற்று என மகிழலாம்.

எனினும் இச்சுமையைத் தாங்குவது யார்? மரப்பயிருக்கு நடவின்போதும் வெட்டின்போதுமே ஆட்கள் வேண்டும். நடுவிலுள்ள ஆண்டுகளில் களையெடுப்பும் அறுவடையும் இல்லை. கூலியாட்கள் கிடைக்கவில்லை என்று நில உடைமையாளர் மரத்திற்கு மாறுகின்றார். மரத்திற்கு மாறியபின், கூலியை நம்பிய பெண்களுக்கு வேலை நாட்கள் குறைகின்றன. 1980-களில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு வயல்கள் தைலமரத் தோப்புகளாக மாறியபோது எழுந்த வாதமும் இதுவே: உணவும் கூலியும் நீரும் யாருக்குக் குறைந்தன என்பது. நம் கிராமச் சபைகளில் நிலமற்றோரே மிகுதி. ஆதலின் இது அருள்பணியாளர்க்குத் தொலைவான செய்தி அன்று.

7. எதனைக் காடு என எண்ணுகின்றோம்?

இறுதியாக, 'காடு' என்னும் சொல்லையே ஆராயவேண்டும். 2021-ஆம் ஆண்டின் இந்திய வன நிலை அறிக்கை, தமிழ்நாட்டின் வனப்பரப்பு 26,419 சதுர கிலோமீட்டர், அதாவது நிலப்பரப்பில் 20.31 விழுக்காடு என்கின்றது. ஆயின் அவ்வறிக்கையின் வரையறைப்படி, ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் பத்து விழுக்காட்டிற்குக் குறையாத மரநிழல் இருந்தால் அது வனப்பரப்பே; நிலம் யாருடையது, மரம் எவ்வகையது என்னும் வேறுபாடு இல்லை. செயற்கைக்கோள் மேலிருந்து நோக்குகையில், சில்வர் ஓக் நிழலிலுள்ள ஏற்காட்டுக் காப்பித் தோட்டமும், தென்னந்தோப்பும், கொல்லிமலைச் சோலையும் ஒரே பட்டியலில் சேரக்கூடும்.

நிலத்தில் நிற்போர்க்கோ வேறுபாடு தெளிவு. சோலை மழைநீரை உறிஞ்சி வைத்துக் கோடையில் ஓடையாக விடுகின்றது. தேனும் மூலிகையும் கிழங்கும் தருகின்றது. நான்காண்டுத் தோப்பு மரக்கூழ் தருகின்றது. இரண்டும் வேண்டியவையே, ஆனால் ஒன்றின் கூடுதலைக் காட்டி மற்றொன்றின் குறைவை மறைத்தல் தகாது. ஐரோப்பாவிலும் இதுவே சிக்கல். ஒரே வயதும் ஒரே இனமுமாய் நடப்பட்ட ஸ்புரூஸ் தோட்டங்கள் கன அளவில் செழித்தன. 2018-க்குப் பின் வறட்சியும் பட்டை வண்டும் தாக்கியபோது ஜெர்மனியில் அவை கூட்டங்கூட்டமாய் மடிந்தன. 2024-இல் வெளியான ஜெர்மானியக் காட்டுக் கணக்கெடுப்பு, 2017-க்குப் பின் அந்நாட்டுக் காடுகள் சேர்த்த கரியைக் காட்டிலும் இழந்த கரியே மிகுதி எனக் காட்டிற்று. மூன்று நூற்றாண்டு வட்டிக் கணக்கு எழுதிய நாட்டிலேயே முதல் கரையத் தொடங்கியது எண்ணத்தக்கது.

முடிவுரை

தொழில் வள நாடுகளில் காடு வளர்ந்தது பொய்யன்று. வளர்ச்சிக்குள் வெட்டு நின்றதும், வெட்டியவர் மீண்டும் நட்டதும், வளர்த்தவர் பயன் பெற்றதும் நாம் கற்கவேண்டியவை. ஆயின் சுமையின் ஒரு பகுதி நிலக்கரிக்கும், மற்றொரு பகுதி பிறர் காட்டிற்கும் சென்றது. ஆகவே, 'காடு கூடியுள்ளது' என்னும் செய்தியைக் கேட்கும்போது மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று: ஆண்டு வளர்ச்சி எவ்வளவு, வெட்டு எவ்வளவு? குறைந்த சுமை எங்கே, யார் மீது சென்றது? எண்ணப்பட்டது சோலையா, தோப்பா?

இவ்வினாக்கள் திருச்சபைக்கும் உரியவை. பல ஊர்களில் சபைக்கு நிலம் உண்டு. அதில் மரம் வைக்கும் குழு, நடும் நாளை மட்டும் குறிக்காமல், வெட்டும் ஆண்டையும் மறுநடவிற்கான தொகையையும், அந்நிலத்தில் இதுகாறும் கூலி பெற்றோர் நிலையையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைத்தல் வேண்டும். கொல்லிமலை போன்ற இடங்களில் பணியாற்றுவோர், மலைவாழ் மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வழங்கியுள்ள உரிமைகளை அறிந்து எடுத்துரைத்தல் வேண்டும்.

அக்கொல்லிமலையில் அருள்தொண்டாற்றி 1929-இல் அங்கேயே மறைந்தவர் ஜெசி பிராண்ட். 1914-இல் அம்மலையில் பிறந்த அவர் மகனும் தொழுநோய் மருத்துவருமான பால் பிராண்ட், 1980-களில் எழுதிய கட்டுரை ஒன்றில் தம் இளமை நினைவைக் கூறினார். படிவயலில் தவளை பிடித்து விளையாடி, சேறு கலங்கக் காரணமான சிறுவர்களை ஒரு முதியவர் தடுத்து நிறுத்தினாராம். ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டி, நீரோடு கீழே போகும் மண் மீண்டும் மேலே வராது. அது போய்விட்டால் பின்வருவோர்க்கு அரிசி இல்லை என்று அவர் விளக்கினாராம். வட்டியும் முதலும் பற்றிய கணக்கை எழுத்தறியாதோரும் அறிந்திருந்தனர் என்பதற்கு இது சான்று. மலையின் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது மரத்தின் வேர். அவ்வேர் இருக்கின்றதா என்பதை அறிய, அடுத்த மழையில் மலை ஓடையின் நீர் தெளிந்து வருகின்றதா, செந்நிறமாய் வருகின்றதா என்று நின்று பார்த்தாற் போதும்.